ஓடைப்பட்டியிலிருந்து கடல் படிப்பு: மீன்வளமா, விலங்கியலா?

விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஓடைப்பட்டியில் ஒரு பிள்ளை "கடல் உயிரியல் படிக்கணும்" என்றால், வீட்டில் "அதுக்கு எங்கே போவ?" என்பார்கள். அடுத்து, "படிச்சு முடிச்சிட்டு?" என்பார்கள். இரண்டுக்குமே பதில் இருக்கிறது. ஆனால் எந்தப் படிப்பில் சேருகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கடலோரத்தில் பிறக்காதது ஒரு குறையே இல்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறை திருச்சியில் இருக்கிறது. திருச்சிக்கு ஏது கடல்? பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. கணினி அறிவியல் குரூப்பில் சேர்ந்துவிட்டு ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். ஆகவே இந்தப் பேச்சைப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது.

கடல் உயிரியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் நம் பக்கம் அபூர்வம். இங்கே அது பெரும்பாலும் எம்.எஸ்சி. படிப்பு. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா உருவாக்கிய பரங்கிப்பேட்டை நிலையம் (அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது), அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ராஜாக்கமங்கலம் மையம் எல்லாமே பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கானவை. அதனால் பதினேழு வயதில் முடிவெடுக்க வேண்டியது, நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. மீன்வள அறிவியலா, மூன்று வருட பி.எஸ்சி. விலங்கியலா என்பதைத்தான்.

பி.எஃப்.எஸ்சி. தொழில்படிப்பு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் தொடங்கியது. 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் வந்தபின் தூத்துக்குடியும் பொன்னேரியும் தலைஞாயிறும் அதன்கீழ் இயங்குகின்றன. இடம் கிடைப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணில், நீட் தேவையில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு மீன்வளப் படிப்புக்கும் பொருந்தும். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. திராட்சை விலை சரிந்த வருடத்தில் கல்லூரிச் செலவை நினைத்துத் தூக்கம் கெடும் வீடுகள் இந்த ஒரு வரியை மறக்க வேண்டாம்.

இந்தப் படிப்பில் மீன் வளர்ப்பு, மீன்நோய், பதப்படுத்துதல், படகும் வலையும், பொருளாதாரம், கடலோர மக்களிடம் விரிவாக்கப் பணி என்று பலதும் உண்டு. இங்கேதான் பிள்ளையின் ஆசையைக் கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டும். டி.வி.யில் பவளப்பாறையும் ஆக்டோபஸும் பார்த்து வந்த ஆசை என்றால், இந்தப் படிப்பு பாதி நாள் சப்பென்றுதான் இருக்கும். இங்கே மீன் என்றால் உணவு, பிழைப்பு, ஏற்றுமதிச் சரக்கு. படித்து முடித்து வனாமி இறால் பண்ணையில் சேர்ந்தால், விடிவதற்கு முன்னே எழுந்து டார்ச் அடித்துக்கொண்டு குளத்து வரப்பில் நடக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைவது அந்நேரத்தில்தான். ஏரேட்டர் ஒன்று நின்றுபோனாலும் மொத்த இறாலும் போச்சு. அந்த வேலை பிடித்தவர்களுக்கு இது அருமையான படிப்பு.

வேலைக் கதவுகளும் பல. மீன்வளத்துறை, பதப்படுத்தும் ஆலை, தீவன நிறுவனம், குஞ்சு பொரிப்பகம் எல்லாம் இருக்கின்றன. பலருக்குத் தெரியாத ஒன்று: வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு நான்கு வருட மீன்வளப் பட்டம் தகுதி. தூத்துக்குடியில் வலை பின்னக் கற்ற பிள்ளை, கடைசியில் நம் ஊர்ப் பக்கமே ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்து திராட்சைப் பந்தல் போடக் கடன் கொடுக்கலாம். மேலே படிக்க நினைத்தால் எம்.எஃப்.எஸ்சி. இருக்கிறது, மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் வரை போகலாம்.

விலங்கியலின் பெரிய லாபம், வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்பது. உத்தமபாளையத்திலோ மதுரையிலோ சேரலாம், செலவு குறைவு. பெண்பிள்ளையைத் தூரத்து விடுதிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இதையே பிடித்துக்கொள்கின்றன. எனக்கு அந்தத் தயக்கத்தில் உடன்பாடில்லை, ஆனால் அது இருக்கிறது. மூன்று வருடமும் கடல் கண்ணில் படாது. தவளையும் மரபியலும் செல் உயிரியலும்தான். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கடல் பக்கம் போகவே முடியாது, எம்.எஸ்சி. கட்டாயம். அதற்கும் மேலே ஆராய்ச்சி என்றால் நெட் தேர்வு, பிஎச்.டி. என்று இருபதுகளின் கடைசி வரை நீளும்.

ஆனால் உயிரையே படிக்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி. மீனின் தலைக்குள் இருக்கும் சிறு செவிக்கல்லை எடுத்து, தேய்த்து மெலிதாக்கி, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணி வயது கணிப்பார்கள். இப்படிப்பட்ட வேலையில் மணிக்கணக்காக உட்காரும் பொறுமை ஒரு பிள்ளைக்கு இருந்தால், அதை இறால் குளத்துக்கு அனுப்பாதீர்கள். இன்னொன்று, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்வது வனத்துறை. நம் மேகமலைக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் அதே துறை. இந்திய வனப்பணித் தேர்வுக்கான பாடப் பட்டியலில் விலங்கியலுக்கு நேரடியாகவே இடம் உண்டு. எதுவும் அமையாவிட்டால் பி.எட். முடித்து ஆசிரியர் ஆகலாம்.

இரண்டு பாதைக்கும் நடுவே ஒரு ஒருவழிக் கதவு இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி. முடித்தவர்களைக் கடல் உயிரியல் எம்.எஸ்சி.க்குப் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். விலங்கியல் படித்தவர்களுக்கு எம்.எஃப்.எஸ்சி. பொதுவாகக் கிடைக்காது. மனம் இன்னும் தெளியாத பிள்ளைக்கு மதிப்பெண்ணும் இருந்தால், பி.எஃப்.எஸ்சி. என்றே நான் சொல்வேன்.

குமுளி ஏறி இறங்கினால் கேரளம். கொச்சி பனங்காட்டில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிமாநிலப் பிள்ளைகள் க்யூட் தேர்வு எழுதி அகில இந்திய ஒதுக்கீட்டில் முயலலாம். அதே தேர்வு மற்ற மாநில மீன்வளக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்பதால் எழுதி வைப்பதில் நஷ்டமில்லை. பளபளப்பான பெயரோடு வரும் தனியார் பட்டங்களைப் பற்றி ஒன்றே ஒன்று: அந்தப் பட்டத்தை எந்த எம்.எஸ்சி. ஏற்கும், எந்த அரசு வேலை அறிவிப்பில் அது இருக்கிறது என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, மதுரையில் பஸ் மாறித் தூத்துக்குடிக்கு ஒருமுறை பிள்ளையைக் கூட்டிப் போய்வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் கரை சேரும். கட்லா, ரோகு, ஜிலேபி மட்டுமே பார்த்த கண்ணுக்கு விளைமீன், ஊளி, பாறை, காரல் என்று ஒரே கூடையில் பத்து வகை தெரியும். அந்த வாடையிலும் ஈரத்திலும் பிள்ளை குனிந்து பார்க்கிறதா, மூக்கைப் பொத்துகிறதா என்று கவனியுங்கள். நீச்சல் தெரியாவிட்டால் கவலையில்லை, கற்றுக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் போடுங்கள். விலங்கியல் இடம் முன்னாலேயே கிடைத்துவிடும். மீன்வளக் கலந்தாய்வு பின்னால் வரலாம். அதனால் கல்லூரியில் சேரும்போதே, இடையில் விலகினால் டி.சி.யை எப்போது தருவார்கள், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழும் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழும் அதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.