கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? தோட்டத்துக்கு எது நீடித்து உழைக்கும்?

காய்கறியை வாரச்சந்தைக்குக் கொண்டுபோக, புண்ணாக்கு மூட்டை ஏற்றிவர என்று பழைய கார் தேடும் நண்பர்கள் இப்போதெல்லாம் கேட்கும் கேள்வி: "ஆட்டோமேட்டிக் சொகுசுதான், ஆனா பத்து வருஷம் தாங்குமா?" வங்கியில் வண்டிக் கடன் பார்த்த பழக்கத்தில் நான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்பேன். பழுதானால் எவ்வளவு செலவு வைக்கும்? பக்கத்து ஊரில் சரிசெய்ய ஆள் உண்டா?

கியர் வண்டி

கியர் பெட்டிக்குள் இருப்பது பல்சக்கரங்களும் எண்ணெயும். எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெட்டி எஞ்சின் உள்ள வரை உழைக்கும். தேய்வது கிளட்ச் பிளேட். அது தேய்வதற்கென்றே வைத்த பொருள். பக்குவமாக ஓட்டினால் 1 லட்சம் கிலோமீட்டர்கூடத் தாண்டும். கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டினால் சீக்கிரமே கருகிடும். ஆனால் அது முன்கூட்டியே சொல்லிவிடும்: எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, மேட்டில் கருகல் வாடை வரும். சின்ன ஊர் மெக்கானிக்கே மாற்றிக் கொடுப்பார்.

ஆட்டோமேட்டிக்கில் நாலு ரகம்

நெல்லைப் போல இதிலும் ரகம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

1. ஏ.எம்.டி: 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகு பரவலானது. உள்ளே இருப்பது அதே கியர் பெட்டி, அதே கிளட்ச். நம்ம காலுக்கும் கைக்கும் பதில் ஒரு கருவி வேலை செய்கிறது. கிளட்ச் தேய்மானம் இதிலும் உண்டு. கூடவே அந்தக் கருவியும் பழுதாகலாம்.

2. டார்க் கன்வெர்ட்டர்: எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்துகிறது. கிளம்பும்போது தேய கிளட்ச் பிளேட் இல்லை. எண்ணெயை மாற்றிவந்தால் நீண்டநாள் உழைக்கும். கெட்டால் செலவு பெரிது.

3. சி.வி.டி: இரண்டு கப்பிகளுக்கு நடுவே உலோகப் பெல்ட். ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட் ஓடுவதும் இதே தத்துவம்தான். தனக்கென்று சொன்ன எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அதிகச் சுமைக்கு ஏற்றதல்ல.

4. இரட்டை கிளட்ச்: வேகமாக கியர் மாறும். உலர் கிளட்ச் வகை, ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். நம்ம மண் பாதைக்கு ஒத்துவராது.

எதிரி சூடுதான்

ஆட்டோமேட்டிக்கின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் சூடேறிக் கெட்ட எண்ணெய். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று விற்பனையாளர் சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள். கையேட்டில் 'கடும் உபயோகம்' என்ற பகுதி இருந்தால் அதைப் பாருங்கள். சுமை, மேடு, புழுதி எல்லாம் அதில்தான் வரும். பொதுவாக 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். பேட்டரி இறங்கினால் கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்பலாம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. சேற்றில் சிக்கிய ஆட்டோமேட்டிக்கை, எஞ்சின் நின்ற நிலையில் டிராக்டரில் கட்டி நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. பெரும்பாலானவற்றில் எஞ்சின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் பம்ப் ஓடும்.

பழையது வாங்கும்போது

கியர் வண்டி: சமதளத்தில், முன்னால் ஆளில்லாமல், கைபிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

ஆட்டோமேட்டிக்: பிரேக்கை மிதித்தபடி டி, ஆர் மாற்றுங்கள். தாமதமாகப் பிடித்தாலோ, 'டங்' என்று உதைத்தாலோ வேண்டாம். எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத வண்டி, பத்திரம் இல்லாத நிலம் மாதிரி.

என் முடிவு

தினமும் சுமை, மண் பாதை, கிராமத்து மெக்கானிக் என்றால் கியர் வண்டியே தற்சார்புக்கு ஏற்றது. மூட்டுவலிக்காரர், அடிக்கடி நகரம் போகிறவர் என்றால் எண்ணெய் ஒழுங்காக மாற்றிய டார்க் கன்வெர்ட்டர் எடுக்கலாம்.

எதை வாங்கினாலும், வடித்த பழைய எண்ணெயைக் கரையானுக்கு என்று வேலிக்காலில் ஊற்றாதீர்கள். டப்பாவில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் இடத்தில் கொடுங்கள். நஞ்சில்லாமல் வளர்த்த மண்ணில் அது சேர வேண்டாம்.