சின்ன வயிற்றுக்குக் கெட்டியான சாப்பாடு

1. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஏழாம் மாதம் சோறு ஊட்டத் தொடங்கினாலும், இரண்டு வயதுவரை தாய்ப்பாலைத் தொடருங்கள்.

2. முதலில் ரசம் சாதம்தான் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். ரசத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். குழந்தையின் சின்ன வயிற்றை அதுவே நிரப்பிவிடும். மாமியார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பருப்பையே மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் குழையப் பிசைந்து ஊட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் ஒட்டி நிற்பதுதான் சரியான பதம்.

3. கெட்டிக் கஞ்சியைக் குழந்தை விழுங்கவில்லையா? தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள், சத்தும் நீர்த்துவிடும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டுங்கள். வறுக்காமல், நன்றாகக் காயவைத்து அரையுங்கள். கஞ்சியில் கொதி அடங்கியதும் இந்த மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறினால் சில நிமிடங்களில் தானே இளகும். முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் மாற்றம் இது. மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறியதும் ஊட்டலாம்.

4. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு குழந்தையின் பங்கு. வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்தால் சீக்கிரமே டப்பா காலியாகிவிடும். கஞ்சி சலித்தால் புட்டாக அவியுங்கள். வெல்லம் அதிலேயே இருப்பதால் சர்க்கரை தேவையில்லை.

5. பெட்டிக்கடையில் இரண்டு ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் வாங்கும் காசுக்கு ஒரு முட்டை வரும். நிலக்கடலையும் மலிவுதான். ஆனால் முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், வறுத்துப் பொடித்துச் சோற்றில் கலந்து கொடுங்கள்.

6. பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு கொத்து கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். கீரையை உருவி, பருப்பு வெந்ததும் போட்டு வேகவிட்டுக் கடையுங்கள். இறக்கிய பின் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

7. குழந்தைக்கு டீ வேண்டவே வேண்டாம். அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

8. வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலோடு தாய்ப்பாலும் குழைந்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரட்டும்.

9. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கும்போது கைச்சுற்றளவும் அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.