கல்லில் எண்ணெய் எடுக்கலாம்!



நடக்காத காரியத்தை "கல்லில் நார் உரிப்பது" என்போம். ஆனால் கல்லில் எண்ணெய் எடுப்பது நடந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

எண்ணெய் ஷேல் ஒரு படிவுப் பாறை. பெயர்தான் எண்ணெய், பிழிந்தால் ஒரு சொட்டு வராது! உள்ளே இருப்பது கெரோஜன் என்ற திடப்பொருள். பழங்கால ஏரிகளிலும் கடல்களிலும் வாழ்ந்த பாசிகள் மண்ணுக்குள் புதைந்து உண்டானது. பூமிக்குள் போதிய சூடு கிடைத்திருந்தால் பெட்ரோலியமாகவே மாறியிருக்கும். அந்தக் குறைச் சூட்டை நாம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, பாறையை வெட்டி, உடைத்து, காற்றுப் படாத உலையில் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவது. கழிவுப் பாறை மலைபோல் குவிந்துவிடும். இன்னொன்று, பாறையை இருந்த இடத்திலேயே விட்டு, துளை போட்டு மின்சார ஹீட்டர்களை இறக்குவது. பாறையில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும். ஆகவே வருஷக்கணக்கில்கூடச் சூடேற்ற வேண்டிவரும். ஆனால் 350 டிகிரி அளவிலேயே கெரோஜன் உடைந்து, எண்ணெயும் வாயுவுமாக வேறொரு கிணறு வழியே மேலே வரும்.

இது புது யோசனை அல்ல. 1940-களில் ஸ்வீடனில் குவார்ன்டார்ப் என்ற ஊரில் இப்படி எடுத்தார்கள். முறையைக் கண்டுபிடித்தவர் பிரெட்ரிக் லியுங்ஸ்ட்ரோம். நாம் பாய்லர் பாடத்தில் படிக்கும் சுழலும் ஏர் ப்ரீஹீட்டரும் இவர் கொடுத்ததுதான்! பிறகு அமெரிக்காவின் கொலராடோவில் ஷெல் நிறுவனம் சோதனை நடத்தி, 2005 வாக்கில் ஒரு சிறு இடத்தில் சுமார் 1,700 பீப்பாய் எடுத்தது. நிலத்தடி நீர் உள்ளே வராமலும் கெடாமலும் இருக்க, சுற்றிலும் மண்ணை உறைய வைத்து பனிச்சுவர் எழுப்பியும் சோதித்தது. உள்ளே அடுப்பு, வெளியே ஐஸ்! 2013-ல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவிடம் இதை விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "போட்ட முதல் திரும்புமாப்பா?"

கணக்குப் போடுவோம். நிலக்கரி மின்நிலையத்தில் ஓர் அலகு மின்சாரத்துக்குச் சுமார் மூன்று அலகு வெப்பம் எரிகிறது. அந்த ஓர் அலகைக் கொடுத்து மூன்று அலகு எண்ணெய் எடுத்தால், மீட்டரில் லாபம். நிலக்கரிக் கணக்கில் பூஜ்யம்! வெளிவரும் வாயுவையே ஹீட்டருக்கு எரித்தால் கணக்கு கொஞ்சம் தேறும்.

நண்பர்களே, "முடியுமா?" என்று கேட்பது பாதி இன்ஜினியரிங். "கட்டுமா?" என்று கேட்பது மீதிப் பாதி. எந்தப் புது எரிபொருளைப் பற்றிப் படித்தாலும் இரண்டையும் கேளுங்கள்.