45 டிகிரியை வைத்து ஒரு வாதம்

மே மாதம் பிறந்தால் எங்கள் தெரு டீக்கடையில் இந்தப் பேச்சு வந்துவிடும். "சார், 2003-லயே மெட்ராஸ்ல 45 டிகிரி அடிச்சாச்சு. இன்னும் அதத் தாண்டல. அப்புறம் எங்க சார் பூமி சூடாகுது?"

தகவலில் பிழையில்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கோளாறு, அதிலிருந்து அவர் போகும் முடிவில் இருக்கிறது. சென்னையில் ஒரு பகல் எவ்வளவு கொதிக்கும் என்பது கடற்காற்று எத்தனை மணிக்கு ஊருக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தது. பதினோரு மணிக்கே வந்துவிட்டால் மொட்டைமாடிக் கொடியில் வேட்டி மேற்கே திரும்பிப் படபடக்கும். வெயில் அதற்குமேல் ஏறாது. மேல்காற்று பலமாக அடித்து அதைக் கரையிலேயே நிறுத்திவிட்டால் அன்றைக்கு நாம் வெந்தோம். உச்சப் பதிவு அந்த ஒரு நாளின் காற்றுக்குத்தான் சாட்சி. பருவநிலை எங்கே போகிறது என்பதைப் பல பத்தாண்டுகளின் சராசரியில்தான் பார்க்க வேண்டும்.

"பேப்பர்லயே நார்மல்னுதான போட்டிருக்கான்?" என்பார் பக்கத்து பெஞ்சுக்காரர். அந்த 'நார்மல்' நின்ற இடத்தில் நிற்பதில்லை. வானிலைத் துறை இயல்பு என்று சொல்வது முப்பது ஆண்டுச் சராசரி. முன்பு 1981 முதல் 2010 வரை. இப்போது 1991 முதல் 2020 வரை. பழைய பத்தாண்டு ஒன்று கழன்று விழ, அதைவிடச் சூடான பத்தாண்டு ஒன்று சேர்ந்துகொள்கிறது. அப்பா காலத்தில் 'கொஞ்சம் அதிகம்' என்று எழுதியிருக்கக்கூடிய வெயில் இன்று இயல்பாகிவிடும். இப்படி உயர்த்திக்கட்டிய கோட்டையும் 2024 தாண்டியது: இந்தியாவின் ஆண்டுச் சராசரி இயல்பைவிட 0.65 டிகிரி கூடுதல். 1901 முதலான பதிவுகளில் அதுதான் மிக வெப்பமான ஆண்டு.

எல்லாம் கான்கிரீட் செய்கிற வேலை என்பது பாதி உண்மை. பகலில் குடித்த சூட்டைச் சுவர் இரவில் கக்குவதை மாடி அறையில் படுப்பவர்கள் அறிவார்கள். ஆனால் 1951-க்கும் 2015-க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பும் ஏறத்தாழ 1 டிகிரி சூடேறியிருக்கிறது. அங்கே யார் அபார்ட்மென்ட் கட்டினார்கள்?

இன்னொரு வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: உலக நிலப்பரப்பு சூடேறிய அளவுக்கு இந்தியா ஏறவில்லையே! உண்மைதான்; 1901 முதல் 2018 வரை இங்கே ஏறியது சுமார் 0.7 டிகிரி. காரணங்களில் ஒன்று, பெருமைப்பட முடியாத ஒன்று: நம் காற்றில் மிதக்கும் அழுக்கு. நிலக்கரிப் புகையிலிருந்து வரும் கந்தகத் துகள்கள் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வடக்கே பாசன வயல்களிலிருந்து ஆவியாகும் நீரும் சற்றுக் குளிர்விக்கிறது. துகள்கள் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், படிந்தோ மழையில் கரைந்தோ போய்விடும். அதே அடுப்பிலிருந்து கிளம்பிய கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்கு மேலேயே தங்கும். நுரையீரலுக்காகப் புகையைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் அது மறைத்துவைத்திருந்த சூடும் வெளியே வரும்.

அக்னி நட்சத்திரத்தில் சூரியன் பூமியை நெருங்கிவருகிறதா? இல்லை. மிக நெருக்கம் ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிருக்கு நாம் போர்வையை இழுத்துக்கொள்ளும்போது.

கடைசியாக, "என் கார் மீட்டர்ல 47 காட்டுச்சு" என்பவர். வானிலை நிலையத்தில் வெப்பமானி இருப்பது வெள்ளையடித்த, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், நிழலில். அவருடைய கார், சிக்னலில் நின்ற நேரத்துத் தார்ச்சாலையையும் முன்னால் நின்ற பஸ்ஸின் எஞ்சினையும் சேர்த்து அளந்திருக்கிறது.