விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பவில்லை – ஏன்?

சாவியைத் திருப்பினால் காரிலிருந்து 'டக்' என்று ஓர் ஒலி மட்டும் வருகிறது, எஞ்சின் சுழலவில்லை. ஆனால் முகப்பு விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரிகிறது. "விளக்கு எரிகிறதே, பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்பார் ஒருவர். "பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்பார் மற்றொருவர். ஆயிரக்கணக்கில் பணம் செலவழிக்குமுன், நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியைக் கேட்டுப் பார்ப்போமா?

கார் பாட்டரியில் ஆறு ஈய-அமில மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. இவ்வகை மின்கலத்தை 1859-இல் உருவாக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே. ஒரு மின்கலம் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆகவே முழு மின்னேற்றம் பெற்ற பாட்டரி 12.6 வோல்ட் காட்டும்.

ஹாலஜன் முகப்பு விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் போதும். எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 150 ஆம்பியர் அளவுக்குத் தேவைப்படும். விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பாட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? அமிலம் உலோகத்தை அரித்ததன் அடையாளம் அது. அதனால் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். விளக்கு எரியும்போது அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் 10 × 0.05 = 0.5 வோல்ட். இதைக் கண் உணராது. ஆனால் மோட்டாருக்காக 150 ஆம்பியர் பாயவேண்டுமானால், 150 × 0.05 = 7.5 வோல்ட் இணைப்பிலேயே போய்விடும்! எஞ்சுவது ஏறக்குறைய 5 வோல்ட். மோட்டார் எப்படிச் சுழலும்?

இதை உறுதிசெய்ய ஒரு வோல்ட் மீட்டர் போதும். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் ஈயக் குமிழிலும், மறுமுனை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் படட்டும். பெரியவர் சாவியைத் திருப்பும்போது மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இணைப்பு நல்லது. சில வோல்ட் காட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். இரு முனைகளையும் இவ்வாறே சோதியுங்கள். இணைப்புகள் நன்றாக இருந்து, இரு குமிழ்களுக்கும் இடையே மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பாட்டரிதான் வலுவிழந்திருக்கிறது. அதற்கு மின்னேற்றம் செய்து பார்க்கவேண்டும்.

இணைப்பைச் சுத்தம் செய்யும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றவேண்டும். ஏனெனில் காரின் உடல் எதிர்முனையோடு இணைந்துள்ளது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் உடலில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரலாம், அது வெடிக்கக்கூடியது. ஆகவே தீக்குச்சியோ பீடியோ அருகே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் பொடியைத் துடையுங்கள். சோடா அமிலத்தை நடுநிலையாக்கும். நீர் பாட்டரிக்குள் போய்விடக்கூடாது. உலர்ந்தபின் நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் இறுகப் பூட்டி, வாசலின் தடவுங்கள்.

மோட்டார் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் பாட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பழுது எரிபொருளிலோ எரியூட்டும் அமைப்பிலோ இருக்கலாம்.

இனி ஒரு கணக்கு: சுத்தம் செய்தபின் மின்தடை 0.001 ஓம் ஆகக் குறைந்தால், 150 ஆம்பியர் பாயும்போது இணைப்பில் இழக்கப்படுவது எத்தனை வோல்ட்?