அறுவடையோடு வேலை முடிவதில்லை

நெல்லை விளைவிக்கப் பல மாதம் பாடுபடும் உழவர், ஈரம் காயுமுன்பே அதைக் களத்துமேட்டில் வியாபாரி கூறும் விலைக்கு அளந்துவிடுகிறார். கடனை உடனே அடைக்க வேண்டிய நெருக்கடியே இதற்கு முக்கிய காரணமாகும்.

முதலில் ஈரத்தின் கணக்கை நாம் அறிதல் வேண்டும். நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை, 14 பங்கு ஈரம் வரை உலர்த்தினால் ஏறக்குறைய 93 கிலோ நிற்கும். ஆகவே கிலோ 20 ரூபாய்க்குக் கேட்கப்படும் ஈர நெல், உலர்ந்தபின் 21 ரூபாய் 50 காசுக்கு மேல் போனால்தான் ஆதாயம். உலர்த்தும் கூலியையும் இத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆயினும் ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். அதனால் வந்த விலைக்கே தள்ளிவிட நேரும். நல்ல விலைக்குக் காத்திருக்கும் வலிமையை உலர்ந்த நெல்லே தருகிறது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையங்களிலும் ஈரம் பார்த்தே நெல் எடுக்கப்படுகிறது.

சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1936இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. பின்னர் இம்முறை நெல், நிலக்கடலை முதலியவற்றுக்கும் விரிந்தது. இக்கூடங்களில் தரகின்றிச் சரியான எடையில் ஏலம் நடைபெறுகிறது. விலை குறைந்திருப்பின் சரக்கைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். கடன்காரருக்கு அஞ்சி விற்க வேண்டுவதில்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் ஊருக்கோர் உலர்களம் அமைக்க முயல வேண்டும். அறுவடைக் காலத்தில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்தல் நலம். சிறு உழவர்கள் கூடி ஒரே வண்டியில் சரக்கை அனுப்பினால் வாடகை குறையும். விளைவிப்பதில் காட்டும் கருத்தை விற்பதிலும் காட்டுவோமாக.