நாரின் பெருமை

'பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்' என்பது பழமொழி. நாருக்கெனத் தனிச்சிறப்பு ஏதுமில்லை, பூவால்தான் அதற்குப் பெருமை என்று இதற்குப் பொருள் கொள்வர். ஆயினும், மாணவர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நார் இல்லையேல் பூக்கள் மாலையாகா. தான் மறைந்து நின்று பிறவற்றைத் தாங்குவதே நாரின் இயல்பு. அவ்வியல்பை அறிவியல் எவ்வாறு பயன்கொள்கிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கூட்டுப்பொருள்

வெறும் களிமண்ணால் எழுப்பிய சுவர் காயும்போது வெடிக்கும். வைக்கோலைக் கலந்து குழைத்தால் வெடிப்புக் குறையும். மண் வைக்கோலைப் பற்றிக்கொள்கிறது. வைக்கோல் மண்ணைப் பிளவுபடாமல் இழுத்துப் பிடிக்கிறது. இவ்வாறு இருவேறு பொருள்கள் ஒன்றுசேர்ந்து, தனித்தனியே பெற்றிராத பண்பைப் பெறுமாயின், அதனைக் கூட்டுப்பொருள் என்பர். அதில் இழை சுமையைத் தாங்கும். பிசின் இழைகளைப் பிணைத்து, சுமையை அவற்றிற்குப் பகிர்ந்தளிக்கும்.

சணலின் வரவு

படகு, நீர்த்தொட்டி முதலியவற்றைச் செய்யக் கண்ணாடி இழை கலந்த கூட்டுப்பொருள் பெரிதும் பயன்படுகிறது. கண்ணாடியை ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்க வேண்டியிருத்தலால் எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. மேற்கு வங்க வயல்களில் விளையும் சணலோ, கதிரவன் ஒளியில் ஏறத்தாழ நான்கு திங்களில் வளர்ந்துவிடும். அதன் தண்டை நீரில் ஊறவைப்பர். நுண்ணுயிர்கள் பட்டையிலுள்ள பசையைச் சிதைத்தபின் நாரை உரித்தெடுப்பர்.

ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி இழையின் எடை ஏறத்தாழ 2.5 கிராம், சணல் நாரின் எடையோ ஏறத்தாழ 1.4 கிராம். வண்டியின் எடை குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகும். ஆதலால் கார்க் கதவுகளின் உட்புறப் பலகைகளில் தாவர நார்கள் இடம்பெறுகின்றன.

குறையும் தீர்வும்

தாவர நாருக்குக் குறைகளும் உண்டு. வலிமையில் அது கண்ணாடி இழைக்கு ஈடாகாது. அது நீரை உறிஞ்சிப் பருக்கும்; பிசினோ நீரை விலக்கும். எனவே இரண்டும் நன்கு ஒட்டுவதில்லை. நாரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்துக் கழுவினால் மேலுள்ள மெழுகு நீங்கி ஒட்டும் தன்மை கூடும். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசுக்கு மேல் நார் சிதையத் தொடங்கும். ஆகவே, அதற்குக் குறைந்த வெப்பத்தில் உருகும் பிளாஸ்டிக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எது பசுமை?

கிழக்கு ஜெர்மனியில் 1957ஆம் ஆண்டு முதல் டிரபான்ட் என்னும் கார் உருவாக்கப்பட்டது. பருத்திக் கழிவிழையையும் பிசினையும் சேர்த்து அழுத்தி அதன் மேற்கூட்டுத் தகடுகளைச் செய்தனர். அவை துருப்பிடிக்கவில்லை. ஆனால் கார்கள் பழுதாகிக் குவிந்தபோது, அத்தகடுகளை உருக்கவும் இயலவில்லை. அவை மட்கவும் இல்லை. நார் இயற்கையானது; அதைப் பிணைத்த பிசின் அவ்வாறானதன்று. நாரை மட்டும் கண்டு ஒரு பொருளைப் பசுமையானது எனக் கொள்ளல் ஆகாது. அது எதனோடு சேர்ந்தது, பயன் முடிந்தபின் எங்குச் செல்லும் என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.

பழந்தமிழில் 'நார்' என்னும் சொல்லுக்கு 'அன்பு' என்றும் பொருள் உண்டு. பிணைப்பது எதுவோ அதுவே நார். அப்பிணைப்பு மண்ணுக்கும் நலம் தருவதாக அமைதல் நம் கடமை.

அருஞ்சொற்பொருள்

திங்கள் – மாதம்
ஈடு – சமம்
பருத்தல் – தடித்தல்
வினவுதல் – கேட்டல்

பயிற்சி

1. கூட்டுப்பொருளில் இழையின் பணி யாது? பிசினின் பணி யாது?
2. நாரும் பிசினும் எளிதில் ஒட்டாமைக்குக் காரணம் என்ன?
3. டிரபான்ட் காரின் தகடுகள் நமக்கு உணர்த்துவது யாது?
4. பிரித்து எழுதுக: தனிச்சிறப்பு, அவ்வியல்பு, நுண்ணுயிர்.
5. செயல்பாடு: நாரால் செய்த பொருள்கள் ஐந்தின் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக. நீங்கள் வாழும் ஊரில் அவற்றை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் குறிப்பிடுக.